மிதவைக்குள் தண்ணீர்: பாண்டூன் படகில் அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பாண்டூன் படகின் தளத்தைத் தாங்கும் குழாய் வடிவ அலுமினிய மிதவைக்குள் தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்ததும் பெரும்பாலோர் செய்வது, அதன் அடியில் உள்ள வடிகால் பிளக்கைத் திறந்து வடித்துவிட்டுப் படகை மறுபடி இறக்குவது. சில நாளில் தண்ணீர் திரும்ப வந்துவிடும். உள்ளே தண்ணீர் நிற்கும்போதுதான் ஓட்டையைக் கண்டுபிடிப்பது சுலபம். எந்த வழியாக உள்ளே வந்ததோ அதே வழியாக வெளியேயும் சொட்டும். வடித்துவிட்டால் அந்தத் தடயம் போய்விடும். பிறகு காற்றழுத்தம், சோப்பு நுரை என்று அலைய வேண்டும். ஆகவே கீழே எந்த அறிகுறிக்கும் வரிசை ஒன்றுதான்: கரையேற்றுங்கள், வெளிப்புறத்தைத் துடைத்துக் காயவிடுங்கள், சொட்டும் இடத்தைத் தேடிக் குறி வையுங்கள், அதற்குப் பிறகு பிளக்.

எடையையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 25 அங்குல (சுமார் 63 செ.மீ.) விட்டமுள்ள மிதவையில் ஒரு மீட்டர் நீளம் நிறைந்தால் 300 கிலோவுக்கு மேல். இரண்டு மீட்டர் அறை ஒன்று முழுதாக நிரம்பினால் 600 கிலோவைத் தாண்டும். கரையேற்றுவது, டிரெய்லர், ஜாக்கி எல்லாவற்றிலும் இந்த எடை வந்து உட்காரும். ஜாக்கியை மட்டும் நம்பி மிதவைக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது.

அறிகுறி 1: ஆள் இல்லாமல் நிற்கும்போதே படகு ஒரு பக்கம் சாய்கிறது

முதலில் சுமையைப் பாருங்கள். பேட்டரி, எரிபொருள் தொட்டி, நங்கூரம், ஐஸ்பெட்டி எல்லாம் ஒரே பக்கம் இருந்தால் மிதவையில் குறையே இல்லாமலும் படகு சாயும். நகர்த்தக்கூடியதை நடுவுக்குக் கொண்டுவந்து, காற்று அடங்கிய நேரத்தில், தளத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் நீர்மட்டம் வரை டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். மறுநாள் காலை அதே சுமையோடு மறுபடி அளங்கள். அளவு மாறாவிட்டால் சுமையாக இருக்கலாம், அல்லது பழைய தண்ணீராக இருக்கலாம். ஏதாவது ஒரு மூலை மேலும் இறங்கியிருந்தால் கசிவு இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது.

எந்த மூலை தாழ்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. பல மிதவைகள் உள்ளே தடுப்புத் தகடுகளால் தனித்தனி அறைகளாகப் பிரிக்கப்பட்டவை. பின்மூலை தாழ்ந்தால் பெரும்பாலும் கடைசி அறை, முன்மூலை தாழ்ந்தால் மூக்குப் பக்க அறை. எல்லாத் தடுப்பும் முழுதாக மூடியிருக்கும் என்று நினைக்காதீர்கள். சிலவற்றில் அடியில் சிறு துளை விட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட மிதவையில் தண்ணீர் நீளம் முழுக்க ஓடும்.

கரையேற்றிய பின் உறுதிப்படுத்த இரண்டு வழி உண்டு. ரப்பர் சுத்தியால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். காற்று உள்ள இடம் கணகணவென ஒலிக்கும், தண்ணீர்மட்டத்துக்குக் கீழே ஒலி மந்தமாகும். இன்னொன்று, விடிகாலைப் பனியும் இளவெயிலும். வெயில் ஏறும்போது வெற்று அலுமினியம் சட்டென்று சூடாகிக் காய்ந்துவிடும்; தண்ணீர் தொட்டிருக்கும் பகுதி குளிர்ச்சியாகவே இருப்பதால் அதன்மேல் ஈரம் தங்கும். மிதவையின் பக்கவாட்டில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் ஈரத்தின் மேல்விளிம்பு தெரியும். அதுதான் உள்ளே இருக்கும் நீர்மட்டம். கோடு எங்கே நிற்கிறதோ அங்கே தடுப்பு.

ஒரு பக்கத் தளம் நீருக்கு அருகே வந்துவிட்ட நிலை என்றால் ஆராய்ச்சி வேண்டாம். ஆட்களை இறக்குங்கள், என்ஜினைக் கிளப்பாதீர்கள், படகைக் கரையோடு கட்டிவிட்டு இழுத்து ஏற்ற ஆள் அழையுங்கள். மிதக்கும் படகில் அடிப் பிளக்கை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. மிதவையின் உச்சியில் காற்றுத்துளை இருந்து அது நீருக்கு மேலே நன்றாகத் தெரிந்தால், அதன் வழியே குழாய் விட்டுக் கைபம்பால் உறிஞ்சலாம். அவ்வளவுதான்.

அறிகுறி 2: ஓட்டும்போது சளசள சத்தம், வேகம் குறைவு

வேகம் மட்டும் குறைந்து சத்தம் இல்லை என்றால் மிதவையின் அடியில் படிந்த பாசி, வளைந்த ப்ரொப்பெல்லர் இரண்டையும் முதலில் பாருங்கள். இரண்டும் மலிவு.

சத்தமும் சேர்ந்து வந்தால் அறை பாதி நிரம்பியிருக்கிறது என்று பொருள். பாதி நிரம்பிய அறை, முழுதாக நிரம்பியதைவிட ஒரு விதத்தில் மோசம்: திடீரென வேகத்தைக் குறைத்தால் உள்ளே உள்ள தண்ணீர் அப்படியே முன்னால் ஓடும், மூக்கு அமிழும். எனவே கரைக்கு வரும்வரை வேகத்தைப் படிப்படியாகக் குறையுங்கள், கூர்மையாகத் திருப்பாதீர்கள்.

சளசளப்போடு உலோகம் மோதும் 'டங்' சத்தமும் கேட்டால் உள்தடுப்பு விட்டுப்போயிருக்கலாம். மிதவையை வெட்டித் திறந்துதான் அதைச் சரிசெய்ய முடியும். நேராக அலுமினிய வெல்டரிடம் போங்கள்.

கரையேற்றும்போது

படகு, என்ஜின், எரிபொருள், உள்ளே இருக்கும் தண்ணீர் என்று எடையைக் கூட்டி, டிரெய்லரின் தகட்டில் எழுதியிருக்கும் அதிகபட்ச எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மிஞ்சினால் 'வடிக்கும் முன் தேடு' என்ற விதியைத் தளர்த்தலாம். சரிவில் மிதவையின் பின்முனை நீரைவிட்டு வெளியே வந்ததும் நிறுத்தி, கைபிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து அங்கேயே கொஞ்சம் வடியுங்கள். சரிவில் முன்பக்கம் தானாகவே உயர்ந்திருப்பதால் பின்முனைப் பிளக் மிகத் தாழ்ந்த இடத்தில் இருக்கும். எடை குறைந்ததும் பிளக்கை மூடி, மேலே கொண்டுபோய்ச் சமதளத்தில் மீதியைப் பார்க்கலாம்.

அறிகுறி 3: பிளக்கைத் திறந்தும் தண்ணீர் வரவில்லை, அல்லது விட்டு விட்டு வருகிறது

- முன்பக்கம் தாழ்ந்திருக்கிறது. டிரெய்லரின் நாக்கை (வண்டியோடு மாட்டும் முன்முனையை) ஜாக்கியால் 20, 30 செ.மீ. உயர்த்துங்கள்.
- துளையில் வண்டல், இலை, வெல்டிங் சிட்டம் அடைத்திருக்கிறது. முனை மழுங்கிய செப்புக்கம்பியால் மெல்லக் கிளறுங்கள். இரும்புக்கம்பி மரையைக் கீறும்.
- காற்று உள்ளே போக வழியில்லை. 'குளுக் குளுக்' என்று விட்டு விட்டு வந்தால் இதுதான். உச்சியில் காற்றுப் பிளக் இருந்தால் திறந்துவிடுங்கள். இல்லையென்றால் 6 மி.மீ. குழாய் ஒன்றை அடித்துளை வழியாகவே நீர்மட்டத்துக்கு மேல் எட்டும்வரை உள்ளே தள்ளுங்கள். அதன் வழியே காற்று ஏறும், பக்கத்தில் தண்ணீர் இறங்கும்.
- தண்ணீர் வேறு அறையில் இருக்கிறது. ஈரக்கோடு முன்பக்கத்தில் தெரிந்து பின் அறை காலியாக ஒலித்தால், பின்பக்கப் பிளக்கால் பயனில்லை. 'பிளக்கே இல்லை' என்ற பகுதிக்குப் போங்கள்.

நல்ல காற்றோட்டத்தோடு ¾ அங்குலத் துளையில்கூட 200 லிட்டர் வடியக் கால் மணி நேரம் ஆகலாம். 20 லிட்டர் வாளியில் பிடித்து எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நாளில் எவ்வளவு சேர்ந்தது என்பது பின்னால் தேவைப்படும்.

பிளக் தளர்ந்ததும் 'உஸ்' என்று காற்று வெளியேறினால் கவலை இல்லை; வெயிலில் உள்காற்று விரிந்திருக்கிறது, அறையும் இறுக்கமாகவே இருக்கிறது. காற்றை உள்ளே இழுத்தால் எதிர்ப்பக்கம் யோசியுங்கள். 45 டிகிரி செல்சியஸில் காய்ந்த மிதவையை 25 டிகிரி தண்ணீரில் இறக்கினால் உள்ளழுத்தம் கிட்டத்தட்ட 0.9 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) குறையும். அது 60 செ.மீ. உயரத் தண்ணீரைத் தூக்கும் அளவு உறிஞ்சல். சாதாரணமாகச் சொட்டாத ஊசித்துளைகூட அப்போது தண்ணீரைக் குடிக்கும். வெயிலில் நின்ற படகை இறக்கும் முன் மிதவைமேல் தண்ணீர் ஊற்றிக் குளிரவிட்டால் இது குறையும், ஆனால் ஓட்டை ஓட்டைதான்.

அறிகுறி 4: பிளக் அசையவில்லை

பித்தளைப் பிளக்கை அலுமினியக் கழுத்தில் (மிதவையில் வெல்டிங் செய்த, பிளக் திருகி உட்காரும் மரை வளையத்தில்) போட்டு வருடக்கணக்கில் விட்டதன் விளைவு இது. இரு உலோகமும் ஈரத்தில் சேர்ந்தால் அரிப்பில் தோற்பது அலுமினியம். வெள்ளை மாவு மரையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

துருவிளக்கி எண்ணெயைப் பீய்ச்சி ஒரு இரவு ஊறவிடுங்கள். மறுநாள் அளவுக்குச் சரியாகப் பொருந்தும் ஆறுமுனை சாக்கெட்டை மாட்டுங்கள். திருகிச் சரிசெய்யும் ஸ்பேனர் தலையை உருட்டிவிடும். கழுத்தில் பிடிக்கத் தட்டை முகம் இருந்தால் இன்னொரு ஸ்பேனரால் அதை எதிர்த்துப் பிடியுங்கள். இதைத் தவிர்த்தால் திருகும் விசை முழுவதும் கழுத்தின் வெல்டிங்கில் இறங்கும். முதலில் துளி இறுக்குங்கள், அப்புறம் தளர்த்துங்கள். முன்னும் பின்னும் அசைத்தால் மாவு உடையும்.

அதற்கும் வராவிட்டால் சூடு. சூட்டில் பித்தளையைவிடவும் துருப்பிடிக்காத எஃகைவிடவும் அலுமினியம் அதிகமாக விரியும், அதனால் சூட்டைக் கழுத்துக்குக் கொடுக்க வேண்டும், பிளக்குக்கு அல்ல. ஹீட் கன் போதும். எரிபொருள் தொட்டி அருகில் இருக்கும் இடத்தில், துருவிளக்கி எண்ணெய் ஊறிய இடத்தில் தீச்சுடர் கூடாது. எண்ணெயைத் துடைத்த பின்னரே ஹீட் கன்னும்.

தலை உருண்டுவிட்டால், அல்லது கழுத்தைச் சுற்றி மயிரிழை விரிசல் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். சுத்தியும் உளியும் எடுத்தால் ஒரு சின்னப் பிளக்குக்காகக் கழுத்தையே மாற்றும் செலவு வரும்.

அறிகுறி 5: இறுக்கிய பின்னும் பிளக் ஓரத்தில் ஈரம்

எந்த வகைப் பிளக் என்று முதலில் பாருங்கள். நுனி நோக்கிச் சற்றே கூம்பும் மரை என்றால் அடைப்பது மரையே: டெஃப்லான் டேப் மூன்று நான்கு சுற்று, பிளக்கின் முனையை நம்மைப் பார்த்து வைத்து வலஞ்சுழியாக, கையால் இறுகும் வரை திருகி, பிறகு ஸ்பேனரால் ஒன்று முதல் இரண்டு சுற்று. அதற்கு மேல் போனால் மெல்லிய கழுத்து வெடித்துவிடும். நேர் மரையும் ஓ-ரிங்கும் (ரப்பர் வளையமும்) உள்ள வகையில் டேப் வேண்டாம். ஓ-ரிங் தட்டையாகியிருந்தால் மாற்றி, சிலிக்கான் கிரீஸ் தடவி, இருக்கையில் மணல் இல்லாமல் துடைத்து மூடுங்கள்.

எத்தனை தடவை இறுக்கினாலும் ஈரம் நிற்காவிட்டால் மரை ரகம் தப்பாக இருக்கலாம். ½, ¾ அங்குலத்தில் என்பிடி (அமெரிக்கக் குழாய் மரைத் தரம்), பிஎஸ்பி (பிரிட்டிஷ் தரம்) இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 மரைதான். ஒன்றில் மற்றொன்று சில சுற்று சுலபமாக ஏறும். ஆனால் மரைக்கோணம் 60 டிகிரி, 55 டிகிரி என்று வேறு வேறு; அடைப்பு முழுமையாகாது. கடையில் 'முக்கால் இஞ்ச் பிளக்' என்று மட்டும் கேட்டு வாங்கி வந்தால் இந்தச் சிக்கல் வரும்.

புதிதாகப் போடுவது அலுமினியப் பிளக் அல்லது நைலான் பிளக்காக இருக்கட்டும். செப்புத்தூள், கிராஃபைட் கலந்த மரைப்பசையை அலுமினியத்தில் தடவாதீர்கள், அரிப்பை அதுவே தொடங்கி வைக்கும். நெம்புகோலால் விரியும் ரப்பர் அடைப்பான் ஃபைபர் படகின் தளத்துக்கு உரியது. சதா நீருக்குள் கிடக்கும் மிதவைக்கு நம்பகமில்லை.

அறிகுறி 6: தண்ணீர் இருக்கிறது, பிளக்கே இல்லை

படகு உத்தரவாதக் காலத்தில் இருந்தால் துளை போடும் முன் தயாரிப்பாளரிடம் கேளுங்கள்.

உச்சியில் காற்றுத்துளை இருந்தால் அதுவே மலிவான வழி. பின்பக்கத்தைத் தாழ்த்தி, விறைப்பான குழாயை அறையின் அடி வரை விட்டுக் கைபம்பால் உறிஞ்சுங்கள். கடைசி இரண்டு மூன்று லிட்டர் தங்கும். ஈரம் உறிஞ்சும் வேக்குவம் கிளீனரில் மெல்லிய குழாயை டேப்பால் ஒட்டி எடுக்கலாம்.

அதுவும் இல்லையென்றால் வெல்டரைக் கொண்டு பின்முனையின் அடியில் மரையுள்ள அலுமினியக் கழுத்து வைப்பதே நிரந்தர வழி. தகட்டில் நேராகத் துளையிட்டு மரை வெட்டிவிடலாமே என்று தோன்றும். தகடு 2 முதல் 3 மி.மீ. தடிமன், அதில் ஒன்றரை மரைதான் பிடிக்கும், நிற்காது.

அவசரத்துக்கு: உச்சியில் ஒன்று, அறையின் தாழ்ந்த இடத்தில் ஒன்று என 4.8 மி.மீ. ரிவெட்டுக்கு ஏற்ற இரண்டு துளை. பேட்டரி டிரில் மட்டும். மின்வயர் டிரிலை அடியில் பிடித்தால் கொட்டும் தண்ணீர் நேராக மோட்டாருக்குள் இறங்கும். வடிந்து காய்ந்த பின் முனை மூடிய அலுமினிய ரிவெட்டை பாலியூரித்தேன் சீலன்டில் தோய்த்து அடியுங்கள். சாதாரண பாப் ரிவெட்டின் நடுத்துளை வழியாகவே தண்ணீர் போகும். இதை ஒரு பருவத்துக்கான ஏற்பாடாகக் கருதுங்கள்.

மிதவைக்குள் நுரைப்பஞ்சு நிரப்பியிருந்தால் மேலே சொன்ன எதுவும் செல்லாது. நனைந்த நுரை வடியாது. தொழில்முறைப் பட்டறைக்குத்தான்.

அறிகுறி 7: வடித்தாலும் திரும்பத் திரும்பத் தண்ணீர்

எவ்வளவு என்று பாருங்கள். காற்றுத்துளை உள்ள மிதவையில் ஒரு பருவம் முழுக்க ஓரிரு லிட்டர் சேர்ந்தால் அது காற்றின் ஈரம் குளிர்ந்து படிந்ததாக இருக்கலாம். ஒரு வாரத்தில் ஒரு வாளி என்றால் ஓட்டை.

தண்ணீரின் நிறமும் பேசும். மணலும் பாசித்துணுக்கும் வந்தால் துளை அடியில், அதுவும் நல்ல அளவில். தெளிந்த தண்ணீர், அதிலும் மழைக்குப் பிறகு மட்டும் வருகிறது என்றால் மேல்புறம் பாருங்கள். கடலில் ஓடும் படகில் ஒரு துளியைக் கருப்புத் தட்டில் காயவிட்டால் உப்புப்பொடி மிஞ்சுகிறதா என்று தெரிந்துவிடும்; மிஞ்சாவிட்டால் மழைநீரோ படிந்த ஈரமோதான்.

தேடும் வரிசை:

1. காற்றுத்துளையின் மூடி, அதன் ஓ-ரிங்.
2. அடிப் பிளக், கழுத்தைச் சுற்றிய வெல்டிங்.
3. பின்னாளில் யாராவது அடித்த திருகுகள். ஆழமானியின் சென்சாரை மிதவையிலேயே திருகி மாட்டியிருப்பது அடிக்கடி காணும் குற்றவாளி. மேலே தளத்திலிருந்து இறங்கி மிதவையின் உச்சியைத் துளைத்த நீளத் திருகையும் பாருங்கள்.
4. மணற்கரையில் ஏற்றி ஏற்றித் தேய்ந்த அடிமுதுகு.
5. மூக்குக்கூம்பு சேரும் வெல்டிங், தளத்தைத் தாங்கும் பிராக்கெட்டுகளின் முனைகள், என்ஜின் மேடை சேரும் இடம். அதிர்வால் விரிசல் பிடிப்பது இங்கே.
6. தகட்டில் அரிப்புக் குழிகள். குழி நிறைய இருந்தால் ஒரு துளையை அடைப்பதில் அர்த்தமில்லை. தியாக அனோடு (அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்காக மாட்டும் உலோகக்கட்டி) கரைந்து தீர்ந்துவிட்டதா, கரையிலிருந்து படகுக்கு இழுத்த மின்சாரம் படகு வழியே கசிகிறதா என்று மின்பணியாளரைக் கூப்பிட்டுப் பாருங்கள்.

உள்ளே தண்ணீர் இருக்கும்போது அடிப்பகுதியைத் துடைத்துக் காய்ந்த பின் சுண்ணாம்புக்கட்டியைத் தேய்த்து வெள்ளையாக்குங்கள். கால் மணியில் கசியும் இடம் கருமையாக நனைந்து காட்டும். சொட்டுகிற இடம் துளை இருக்கும் இடம் ஆகாது. தண்ணீர் வளைவில் வழிந்து தாழ்ந்த இடத்தில்தான் விழும். கருமையின் மேல்முனையைக் குறியுங்கள்.

சொட்டு தெரியாதபோது: காற்றழுத்தச் சோதனை

அறையை வடித்து, பிளக் துளையில் அளவுமானியோடு கூடிய வால்வு பொருத்தி, சைக்கிள் பம்பால் 2 பிஎஸ்ஐ வரை ஏற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம். 25 அங்குல மூடித்தகட்டில் 3 பிஎஸ்ஐ என்றாலே 650 கிலோவுக்கு மேற்பட்ட விசை. கம்ப்ரஸரை நேராக மாட்டினால் கண் சிமிட்டும் நேரத்தில் மிதவை உப்பிவிடும், தகடு பிய்ந்தால் ஆளுக்கு ஆபத்து. மூடித்தகட்டுக்கு எதிரே நிற்காதீர்கள்.

பாத்திர சோப்புக் கரைசலைத் தூரிகையால் வெல்டிங் நெடுகத் தடவி, ஒவ்வோர் இடத்திலும் அரை நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பெரிய குமிழி அல்ல, ஊசித்துளையில் வெண்ணிற நுரை மெல்லத் திரளும்.

அளவுமானியை மட்டும் நம்பி 'அழுத்தம் இறங்கிவிட்டது' என்று முடிவு செய்யக் கூடாது. வெப்பம் 10 டிகிரி குறைந்தாலே அரை பிஎஸ்ஐ இறங்கிக் காட்டும். நிழலில், வெயில் ஏறும் முன் செய்யுங்கள்.

துளை கிடைத்த பின்

விரிசல் இல்லாத தனி ஊசித்துளை என்றால் அலுமினியத்துக்கு உரிய இருபகுதி எப்பாக்ஸி தாங்கும். துருப்பிடிக்காத எஃகுத் தூரிகையால் பளபளப்பாக்கி, அசிட்டோனால் துடைத்து, உடனே தடவுங்கள். தாமதித்தால் ஆக்சைடு படலம் மறுபடி கட்டும். தடவும்போது காற்றுத்துளையில் வேக்குவம் கிளீனரை ஒரு நிமிடம் லேசாக ஓட்டினால் பசை துளைக்குள் இழுபடும். அறைக்குள் எரிபொருள் வாசனை இருந்தால் இதைச் செய்யாதீர்கள்.

விரிசல், தேய்ந்த அடிமுதுகு, கழுத்து, என்ஜின் மேடை ஆகியவற்றுக்கு வெல்டிங்தான். மிதவை பெரும்பாலும் 5052 ரகத் தகடு; 5356 நிரப்புக்கம்பியோடு டிக் வெல்டிங் செய்யத் தெரிந்தவரைத் தேடுங்கள். கொடுக்கும் முன் உள்ளே சூடான காற்றை ஊதி முழுக்க உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் வெல்டிங் நுண்துளையாகிவிடும். வெல்டிங் நடக்கும்போது பிளக்கும் காற்றுத்துளையும் திறந்தே இருக்க வேண்டும். மூடிய மிதவையில் சூடான காற்றுக்குப் போக்கிடமில்லை, ஈர அலுமினியம் அரிக்கும்போது உண்டாகும் ஹைட்ரஜனும் தேங்கியிருக்கலாம்.

அறிகுறி 8: குளிர்காலம் கழிந்து மிதவை உப்பியிருக்கிறது

உறையும்போது தண்ணீர் 9 சதவீதம் அளவுக்கு விரியும். மிச்சம் விட்ட தண்ணீர் தகட்டை வெளியே தள்ளியிருக்கிறது. பனி உருகும்வரை பிளக்கைத் தொடாதீர்கள். உள்ளே பனிக்கட்டி பிடித்திருக்கும்போது திருகினால் கழுத்து உடையும். உருகியபின் வடித்து, உப்பின இடத்தின் இருபுறமும் உள்ள வெல்டிங்கைச் சோப்பு நுரையால் பாருங்கள். தகடு மட்டும் வளைந்து இறுக்கம் குறையாதிருந்தால் அப்படியே ஓட்டலாம். தட்டி நேராக்க முயல வேண்டாம். வெல்டிங் கோட்டின்மேலேயே உப்பல் விழுந்திருந்தால், சோதனையில் கசியாவிட்டாலும், நீரில் இறக்கும் முன் வெல்டரிடம் காட்டுங்கள்.

உறைபனி விழும் இடத்தில் படகை நிறுத்தும்போது முன்பக்கத்தை உயர்த்தி, பிளக்கைக் கழற்றி, ஸ்டீயரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். அடுத்த பருவத்தில் பிளக் இல்லாமல் படகை இறக்குபவர்கள் குறைவல்ல.